படத்துல நான் எங்க இருக்கேன்?

பயப்படாதீங்க தம்பி, ஸ்கேன் மெஷின் ஒண்ணும் ரிப்பேர் இல்லை. அது அப்படித்தான் கத்தும். டக்கு டக்குன்னு அடிக்கும், அப்புறம் கொர்ருன்னு இழுக்கும், திடீர்னு நிப்பாட்டும், மறுபடி முதல்ல இருந்து வரும். போன வருசம் முதல் தடவை கேட்டப்ப நானே, அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு பையன் உக்காந்திருக்கான்ல, அவன்கிட்டப் போயி "தம்பி, எர்த் சரியில்லை, பாருங்க"ன்னேன். என்னைய ஏற இறங்கப் பாத்தான். நாப்பது வருசம் மைக்செட் கட்டுனவன் நான். சத்தத்தை வச்சே எந்த வயர் எங்க விட்டுப்போச்சுன்னு சொல்லிருவேன். சிங்கம்புணரிப் பக்கம் வந்து 'மைக்செட் வைரவன்'னு கேட்டுப் பாருங்க. பெட்டி, குழாய் ஸ்பீக்கர், டியூப்லைட்டுப் பட்டைன்னு ஒண்ணு விடாம சிவப்புப் பெயிண்ட்ல என் பேரு இருக்கும்.

உங்களுக்கு யாருக்கு? அப்பாவுக்கா? வழுக்கி விழுந்துட்டாரா? சரியாப்போயிரும், கவலைப்படாதீங்க. எனக்கு வீட்டம்மாவுக்கு. அழகுமீனான்னு பேரு. இப்ப உள்ள படுத்திருக்கிறது அவதான். சேச்சே, நோய்னு ஒண்ணும் இல்லை. குணமாயிருச்சு. ஆனா குணமானதுல அந்த டாக்டருக்கு என்னமோ சந்தேகம். அதுக்குத்தான் இந்தப் படம்.

முதல்ல இருந்து சொல்றேன். இங்க சீக்கிரமாக் கூப்பிட்டதாச் சரித்திரமே கிடையாது.

எங்க பக்கம் அந்தக் காலத்துப் பொம்பளைக புருசன் பேரைச் சொல்ல மாட்டாக. சொன்னா புருசனுக்கு ஆயுசு குறையும்னு ஒரு பயம். எல்லா வீட்லயும் உள்ளதுதான். ஆனா எங்க வீட்ல இருக்கிறது தனி ரகம். வைரத்தைக்கூட வைரம்னு சொல்ல மாட்டா, 'பளபளாக் கல்லு'ம்பா. எதுத்த வீட்டு வைரமணி அவளுக்கு வெறும் மணிதான். ரேஷன் கடைல வீட்டுக்காரர் பேரு என்னான்னு கேட்டா, வாசல்ல படுத்திருக்கிற நாயைக் காட்டுவா. வைரவசாமிக்கு நாய்தானே வாகனம். கடைக்காரன் நம்ம ஊருக்காரன், "வைரவனாத்தா?"ம்பான். தலையை ஆட்டுவா. முடிஞ்சது சோலி. ஒரு தடவை தாலுகா ஆபீஸ்ல சுத்தி ஒரு நாயும் இல்லாமப் போச்சு. என்ன செய்வா? 'லொள்'ளுன்னு குலைச்சே காமிச்சுட்டா. அந்த ஆபீசரு பயந்துபோயி மறுபேச்சு இல்லாமக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு.

எனக்குள்ள ஒரு ஆசை கிடந்துச்சு தம்பி. வெக்கத்தை விட்டுச் சொல்றேன். ஊரெல்லாம் சொல்ற பேரு. திருவிழான்னா "மைக்செட் உபயம் வைரவன்"னு நானே நூறு தடவை சொல்லுவேன், அது வேற விசயம். கட்டுனவ வாயில ஒத்தத் தடவை வரக்கூடாதா? கேட்டுப் பாத்தேன், கெஞ்சிப் பாத்தேன், புதுச்சேலை எடுத்துக் குடுத்தும் பாத்தேன். "நீங்க இருக்கணும்ல"ம்பா. அம்புட்டுத்தான். அதுக்கு மேல நான் என்னத்தைப் பேச?

போன வருசம் எங்க மக கலாராணி, கோயம்புத்தூர்ல இருக்கா, அவதான் போன்ல ஆரம்பிச்சா. "அம்மா கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேக்குறாங்கப்பா, மதுரைல மூளை டாக்டர்கிட்டக் காமிங்க"ன்னு. நான் சொன்னேன், "நான் சொல்ற பதில் உங்கம்மாவுக்குத் திருப்தியா இல்லை, அதான் திரும்பக் கேக்குறா"ன்னு. கேக்கலை. சரின்னு கூட்டியாந்தோம்.

டாக்டரு சின்னப் பையன். வடக்க எங்கிட்டோ படிச்சுட்டு வந்தவரு. தமிழ்தான், ஆனா அவுக வீட்ல புருசன் பேரைப் பொம்பளைக சர்வசாதாரணமாக் கூப்பிடுவாக போல. இன்னைக்கு என்ன கிழமைன்னு கேட்டாரு. நான் வெள்ளின்னேன். என்ன மாசம்னாரு. ஆடின்னேன். "ஐயா, பரீட்சை உங்களுக்கு இல்லை"ன்னு என்னைய வெளியே உக்கார வச்சுட்டாரு.

அங்கதான் வந்துச்சு வினை. உள்ள போயி "உங்க கணவர் பேர் என்னம்மா?"ன்னு கேட்டிருக்காரு. இவ சுத்தும் முத்தும் பாத்திருக்கா. சுவத்துல மிருகங்க படம் போட்ட ஒரு அட்டை தொங்கியிருக்கு. எந்திரிச்சுப் போயி நாயைத் தொட்டுக் காமிச்சு, "இது மேல உக்காந்திருக்கிறவரு"ன்னுட்டா. டாக்டரு புரியாம முழிச்சிருக்காரு. இவ குலைச்சும் காமிச்சிருக்கா. அப்புறம் ஒரு மோதிரப் படத்தைக் காமிச்சு "இதுல பதிச்சிருக்கிறது என்ன?"ன்னாராம். "பளபளாக் கல்லு." அதுக்கும் மார்க் போச்சு. இன்னும் கேளுங்க, ஊசி, மாம்பழம், வண்டின்னு மூணு வார்த்தையைச் சொல்லிட்டு, செத்த நேரம் கழிச்சு என்ன சொன்னேன்னு கேட்டாராம். சொல்லத் தெரியலையாம். எதுக்குத் தம்பி அவ அதையெல்லாம் ஞாபகம் வச்சுக்கணும்? அது மாம்பழ சீசன்கூட இல்லை.

என்னைய உள்ள கூப்பிட்டு, குரலை இறக்கி, "ஐயா, மனசைத் தேத்திக்குங்க. உங்க பேரு அவங்களுக்கு ஞாபகம் இல்லை. நீங்க நாய் மேல ஏறி வர்றதா நினைக்கிறாங்க. இல்லாதது கண்ணுக்குத் தெரியுதோ என்னமோ. தலைக்குள்ள ஒரு படம் எடுத்துப் பாத்தாத்தான் மறதி நோயா, எந்த வகைன்னு தெரியும்"னாரு. அம்புட்டையும் எழுதியும் வச்சுக்கிட்டாரு.

விளக்கிச் சொல்லலையான்னு கேக்குறீங்களா? நான் ஏன் சொல்லணும்? எனக்குச் சுருக்குன்னு ஒரு யோசனை வந்துச்சு. இத்தனை வருசமா வாயில வராத பேரு, உள்ளயாச்சும் இருக்கா இல்லையா? மெஷின் வச்சுப் பாக்குறேன்ங்கிறாக, பாத்துருவோமே. "எடுங்க டாக்டர்"னுட்டேன்.

இங்க வந்தா, தாலியைக் கழட்டணும்ங்கிறான் அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கிற பையன். பெரிய காந்தமாம், உலோகம் எதுவும் உள்ள போகக்கூடாதாம். "தம்பி, காந்தத்தைப் பத்தி எனக்கே பாடமா? ஸ்பீக்கருக்குப் பின்னாடி என்ன இருக்கு, கருப்பட்டியா? தங்கத்தைக் காந்தம் இழுக்காது"ன்னேன். "தங்கம் சரிங்க சார், அதுல தொங்குறது?"ன்னான். எட்டிப் பாத்தேன். கொத்துக் கொத்தா ஊக்கு! நம்ம வீட்டுப் பொம்பளைக ஊக்கை எங்க மாட்டி வப்பாகன்னு உங்களுக்குத் தெரியும்ல? ஒரு கடையே போடலாம் தம்பி. அந்த ஊக்கோட இவளை உள்ள விட்டிருந்தா, சினிமால வர்ற மாதிரி பறந்து போயி ஒட்டியிருப்பா.

ஊக்கை எல்லாம் எடுத்தாச்சு. தாலியைத் தொட விடலை. "அவரு குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கையில நான் எதுக்குக் கழட்டணும்? படமும் வேணாம் ஒண்ணும் வேணாம்"னு எந்திரிச்சுட்டா. நர்சம்மா கெஞ்சுது, பையன் கெஞ்சுறான், பின்னாடி வரிசை நிக்குது. அப்புறம் இங்க கூட்டுற அம்மாதான் வழி சொன்னுச்சு, மஞ்சக்கயித்துல ஒரு மஞ்சளைக் கட்டிப் போட்டுக்கிட்டு இதைக் கழட்டச் சொல்லுங்கன்னு. எதுத்த கடைல வாங்கியாந்தேன். "ராகு காலம் போகட்டும்"னா. ஆஸ்பத்திரியே ராகு காலம் முடியக் காத்திருந்துச்சு, நம்புவீங்களா?

இந்தா, இந்த இடத்துலதான். இதே பெஞ்சு. அவ தலையைக் குனிஞ்சு உக்காந்தா, நான் மூணு முடிச்சுப் போட்டேன். காத்திருந்த சனமெல்லாம் எந்திரிச்சு நின்னுருச்சு. தலைல கட்டுப் போட்டிருந்த ஒரு பெரியவரு, கைல இருந்த பொரிப் பொட்டலத்தைப் பிரிச்சு அட்சதையாத் தூவுனாரு. ஒருத்தரு போன்ல நாதஸ்வரம் வச்சாரு. சவுண்டு பத்தலை, இருந்தாலும் மனசுதானே. எங்க நிசக் கல்யாணத்துல நான் அவ முகத்தைக்கூடச் சரியாப் பாக்கலை. என் கல்யாணத்துக்கு நானேதான் மைக்செட். முடிச்சைப் போட்டுட்டு ரிக்கார்டு மாத்த ஓடிட்டேன். அன்னைக்கு, இந்தப் பெஞ்சுலதான் தம்பி பாத்தேன். முகமெல்லாம் செவந்துபோயி, புதுப்பொண்ணு கணக்கா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

உள்ள படுக்க வச்சு, அந்தப் பையன் மைக்ல கேட்டான், "அம்மா, உங்க பேரு?" "அழகுமீனா." "வீட்டுக்காரர் பேரு?" ஸ்பீக்கர்ல வந்துச்சு பாருங்க, "லொள்"! அவன் கைல இருந்த பேனா கீழ விழுந்துருச்சு.

படம் வந்துச்சு. டாக்டரு வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, "வயசுக்குத் தக்க சுருக்கம் இருக்கு. ஞாபகம் வைக்கிற இடம் லேசா மெலிஞ்ச மாதிரி தெரியுது, ஆனா படத்தை மட்டும் வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. ஒரு வருசம் போகட்டும், திரும்ப எடுத்து ரெண்டையும் சேத்துப் பாப்போம்"னாரு. நான் கேட்டேன், "அதெல்லாம் இருக்கட்டும் டாக்டர், இதுல நான் எங்க இருக்கேன்?" முதல்ல சிரிச்சாரு. நான் விடலை. அப்புறம், பாவம், காதுக்கு உள்பக்கமா ஒரு இடத்தைப் பேனாவால காமிச்சு, "பேரு, முகம் எல்லாம் இந்தப் பக்கம்தான் பதியும்னு வச்சுக்குங்களேன்"னாரு.

போதும்ல? படத்தை வீட்டுக்குக் கொண்டாந்து, சட்டம் போட்டு, பின்னாடி சின்ன டியூப்லைட் மாட்டி, சுத்தி சீரியல் செட் விட்டு, கூடத்துல மாட்டிட்டேன். நம்மகிட்ட இல்லாத பல்பா? டாக்டரு காமிச்ச இடத்துல மட்டும் ஒரு சிவப்புப் பல்பு. வர்றவுகளுக்கெல்லாம் காமிப்பேன், "இந்தா, இங்கதான் நான் இருக்கேன்"னு. எங்க தெருவுல அதைப் பாத்துட்டு ஒருத்தரு தன் முழங்கால் எக்ஸ்ரேயைக் கொண்டாந்து லைட் போட்டுத் தரச் சொன்னாரு. இவ வைவா, "மண்டையோட்டை மாட்டி வச்சிருக்கிற வீட்ல யாரு சாப்பிட உக்காருவா?"ன்னு. வைதாலும், ரெண்டு நாளைக்கு ஒருக்கா துணியால துடைச்சு வப்பா. அந்தச் சிவப்புப் பல்பை மட்டும் ரெண்டு தடவை துடைப்பா, நான் பாத்திருக்கேன்.

இந்த வருசம் பொங்கல் கழிஞ்சு ஒரு நாளு. கொல்லைல பல்லு விளக்கிக்கிட்டு இருக்கேன். அடுப்படில இருந்து ஒரு சத்தம்.

"வைரவன்! காப்பி ஆறுது!"

பிரஸ்ஸைக் கீழ போட்டுட்டேன் தம்பி. வேற எவனும் வைரவன் வந்திருக்கானான்னு சுத்திப் பாத்தேன். யாரும் இல்லை. மறுபடியும், "வைரவன்!" நாப்பது வருசம் எத்தனை ஆம்ப்ளிஃபயர்ல என் பேரு போயிருக்கும்? அந்தச் சத்தத்துக்கு ஈடு உண்டா? ஆயுசு குறைஞ்சா குறையட்டும், போங்கன்னு தெருவுக்கே ஜாங்கிரி வாங்கிக் குடுத்தேன். கலாராணிக்குப் போன் போட்டு, "உங்கம்மா என் பேரைச் சொல்லிட்டா!"ன்னேன். அந்தப் பக்கம் விசும்புற சத்தம். ஆனந்தக் கண்ணீர். புள்ளைக்குத் தாய் மேல அம்புட்டுப் பாசம்.

அதுக்கப்புறம் நிறுத்தவே இல்லையே! காலைல இருந்து வைரவன் வைரவன்தான். பால்காரன்கிட்டச் சொல்றா, பல்லிகிட்டச் சொல்றா. நான் பரண்ல கிடந்த பழைய செட்டை இறக்கி, மாடில ஒரு குழாயைக் கட்டி, அவ கைல மைக்கைக் குடுத்தேன். தெரு முச்சூடும் கேட்டுச்சு, "வைரவன்... வைரவன்..." எல்லாரும் வெளியே வந்து பாத்தாய்ங்க. எதுத்த வீட்டு வைரமணி மட்டும் சேலைத்தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டு உள்ள போயி கதவைச் சாத்திக்கிருச்சு. பொறாமை தம்பி. வேற என்ன?

சின்னச் சின்ன மாத்தம் இருக்கத்தான் செய்யுது. ரசத்துல காப்பித்தூள் போட்டா ஒரு நாளு. அதுவும் ஒரு ருசியாத்தான் இருந்துச்சு. செத்துப்போன எங்க மச்சினனுக்கு இலை போட்டு உக்காந்திருந்தா. பெரிய மனசு, வேற என்ன சொல்ல? இப்பல்லாம் என்னைய விருந்தாளி கணக்காக் கவனிக்கிறா. "உக்காருங்க, காப்பி குடிக்கிறீங்களா? அவரு இப்ப வந்துருவாரு"ங்கிறா. எவருன்னு நான் கேக்குறது இல்லை. எதுக்குக் கேட்டுக்கிட்டு? காப்பி குடுக்குறா, குடிச்சுட்டு உக்காந்திருக்கேன்.

போன வாரம் டாக்டரைப் பாத்தோம். அதே டாக்டரு, அதே கேள்வி. "கணவர் பேரு என்னம்மா?" "வைரவன். மைக்செட் வைரவன்." படார்னு சொன்னா! நான் கையே தட்டிட்டேன். "அவரு எங்கம்மா?"ன்னாரு. "பால்குடத்துக்கு செட்டுக் கட்டப் போயிருக்காரு"ன்னா. நான் பக்கத்துலதான் இருக்கேன். சரியான பதில்தான் தம்பி, வருசா வருசம் நான்தானே போவேன்.

டாக்டரு சந்தோசப்படணுமா இல்லையா? முகம் தொங்கிப்போச்சு. அந்த நாய் விசயத்தைக் கலாராணி எப்பவோ போன்ல அவருக்கு வெளக்கிட்டாளாம். "எப்ப இருந்து பேரைச் சொல்றாங்க?"ன்னு கேட்டாரு. "பொங்கல்ல இருந்து"ன்னேன், பெருமையா. மெதுவா எழுதுனாரு. நாயை எழுதுனப்பகூட அம்புட்டு மெதுவா எழுதலை. "திரும்பப் படம் எடுத்துரலாம்"னாரு. பேரு தெரியலைன்னாலும் படம், தெரிஞ்சாலும் படம். என்ன வைத்தியமோ!

ஆனா பாருங்க, எம்புட்டுத் தேறிட்டான்னு இன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. அன்னைக்கு அந்தப் பாடு படுத்துனவ, இன்னைக்கு நர்சம்மா "கழட்டுங்கம்மா"ன்னு சொன்னதுதான், வாட்சைக் கழட்டுற மாதிரி கழட்டிக் குடுத்துட்டுப் போயிட்டா. என் சட்டைப் பைலதான் இருக்கு. மஞ்சக்கயிறு கொண்டாந்தேன். பொரிகூட ஒரு பொட்டலம் வாங்கியாந்தேன், நீங்கல்லாம் தூவுவீகன்னு. "இது எதுக்கு?"ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டா. இந்தாங்க, கொறிங்க. சும்மா எடுத்துக்குங்க.

சத்தம் நின்னுருச்சு. முடிஞ்சது. இப்ப வந்துருவா.

இந்தா வந்துட்டா. நடையைப் பாருங்க, நோயாளி நடையா இது? மீனா, இங்கிட்டு. இங்கிட்டு வா. இந்தப் பெஞ்சு ஞாபகம் இருக்கா? உக்காரு. தலை சுத்துதா? கழுத்தை இப்படிக் காட்டு, தாலியைப் போட்டு விட்டுர்றேன்.

என்னாது?

கேட்டீங்களா தம்பி? நீங்களும் கேட்டீங்கள்ல? "யாரு நீங்க, கழுத்துல கை வைக்கிறீங்க? வைரவன் வரட்டும், எங்க வீட்டுக்காரரு. அவரு வந்து கட்டுவாரு"ங்கிறா. பேரு எப்படி வருது பாருங்க, கணீர்னு. ஒரு எழுத்துப் பிசகலை. டாக்டரு இதைக் கேக்கணும். போயி டாக்டரைக் கூட்டியா... வேணாம். இருங்க, வேணாம்.

இல்லைங்கம்மா. நான் போடலை, கையை எடுத்துட்டேன். அழுகாதீங்க. அவரே வந்து போடட்டும். தெரியும்ங்க, நல்லாத் தெரியும். மைக்செட் வைரவன்தானே? தங்கமான மனுசன். நான் பத்திரமா வச்சிருந்து அவரு கைலயே குடுத்துர்றேன்.

என்னங்க? காதுல சொல்லணுமா? சொல்லுங்க.

சரிங்க. சத்தியமாச் சொல்ல மாட்டேன்.

ஒண்ணும் இல்லை தம்பி. பேரைச் சொல்லிட்டாளாம். அவருகிட்டச் சொல்லிப்புடாதீங்கங்கிறா. "அவரு இருக்கணும்ல"ங்கிறா.

தம்பி, செத்த அங்கிட்டுத் தள்ளி உக்காருங்க. நானும் தள்ளிக்கிறேன். அந்த அம்மாவுக்குப் பக்கத்துல இந்த இடம் மட்டும் காலியா இருக்கட்டும். அவரு வந்தா உக்காரணும்ல.